‘கேட்டவர் யார்?’ என்ற நிரல்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவேன். இரண்டு தரிப்பிடங்களுக்கும் நடுவில் வைத்து அந்த பஸ் என்னைக் கடந்து போகும். சோற்றுப் பானையைத் திறந்து திறந்து பார்த்தே அரைவேக்காட்டில் இறக்குகிற ஆள் நான். இப்படிப்பட்டவள் நாற்பத்திரண்டு வயதில் எம்.பி.ஏ. படிக்கப் போனதே பெரிய துணிச்சல். அதில் ஆய்வு வேறு செய்ய வேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அந்த வரியை நான் அவசரத்தில் வாசிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் கொம்பனியில் எழுத்தராக இருக்கிறேன். போட்டுகள் கொண்டுவரும் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, லொறியில் கொழும்புக்கு அனுப்புகிற கொம்பனி. பன்னிரண்டு வருட வேலை. முகாமையாளர் கதிரை இரண்டு தரம் காலியாகி, இரண்டு தரமும் படித்தவர் என்று சொல்லி வெளியாளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். மூன்றாம் தரம் அதில் நான் இருப்பேன் என்று எனக்குள் ஒரு சபதம். அதற்குத்தான் இந்தப் படிப்பு.

என் ஆய்வுத் தலைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பக்கத்துக் கொம்பனி கூடின விலை சொன்னாலும் சில போட்டுக்காரர் ஏன் எங்களுக்கே மீன் தருகிறார்கள்? பதிலும் தெரியும் என்றுதான் நினைத்தேன். நம்பிக்கை. எங்கள் முதலாளிக்கு இந்தத் தலைப்பு மிகவும் பிடித்துவிட்டது. முடிவு வந்ததும் கலண்டரில் போடலாம் என்றார். கொம்பனி முற்றத்தில் முப்பது போட்டுக்காரரிடம் வினாக்கொத்துக் கொடுத்து முன்னோடி ஆய்வையும் முடித்துவிட்டேன். முப்பது பேரும் நம்பிக்கை என்ற கேள்விக்கு ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்று புள்ளடி போட்டிருந்தார்கள். என் சொந்தத் தம்பியும் அதில் ஒருவன். அவனுக்கு எஞ்சின் போட் இருக்கிறது, பக்கத்தில் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறான்.

மிச்சமிருந்தது இலக்கிய மீளாய்வு. இந்த விஷயத்தைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடி, ஒரு அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். நான் ஒரு மாலைப்பொழுதில் போட்டு முடித்தேன். இணையத்தில் தேடினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இரண்டு வரி தெரியும், பிறகு மூன்று புள்ளி வரும். அந்த இரண்டு வரியை எழுதிக்கொண்டேன். அட்டவணையில் ஐந்து நிரல்கள். எழுதியவர், ஆண்டு, தலைப்பு, கேட்டவர் யார் எங்கே, முடிவு. நான்காவது நிரலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. எங்கள் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்த பழைய ஆய்வேடு ஒன்றில் அந்த நிரல் முழுக்க ‘வினாக்கொத்து’ என்று இருந்தது. நானும் பதினொரு கட்டுரைக்கும் ‘வினாக்கொத்து’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் தந்தார். விரிவுரையாளர், என்னைவிடப் பத்து வயது குறைந்த பெண். பதினொரு ‘வினாக்கொத்து’களையும் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘வினாக்கொத்து தானாக நடந்து போய்க் கேட்டதா? கட்டுரைகளை முழுதாக வாசித்தீர்களா?’

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். வாசிக்கவில்லை என்பது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன் என் ஆய்வு முன்மொழிவில் அவருடைய கையெழுத்து இருக்க வேண்டும். ஏற்கனவே இரண்டு தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது, பதிவு இரத்தாகும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில், எங்கள் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று குப்பைத் தொட்டியிலிருந்து யாரோ எறிந்த பேப்பரைச் சாவகாசமாக மென்றுகொண்டு நின்றது. என் அட்டவணையையும் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு திரும்பி நிலாவெளி வீதியால் பல்கலைக்கழக வளாகத்து நூலகத்துக்குப் போனேன். இரண்டு வருடமாக அந்த நூலகத்தின் அங்கத்தவர் அட்டை என் கைப்பையில் கிடந்தது. உள்ளே போனது, சேர்ந்த அன்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது மட்டும்.

இணைய வளங்களுக்கென்று ஒரு மூலை, ஆறு கணினி, அவற்றுக்குப் பொறுப்பாக ஒருவர். கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். நான் உட்கார்ந்ததும் விசைப்பலகையில் கை வைத்தேன். அவர் அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க தங்கச்சி. பிறகு தட்டுவம்.”

நான் தலைப்பைச் சொன்னேன். ஆங்கிலத்தில், பதினெட்டுச் சொல்லில், பெருமையாக.

“அது தலைப்பு. உங்களுக்கு என்ன தெரிய வேணும்?”

“மீன் விக்கிற ஆக்கள் ஏன் ஒரே ஆளுக்கு விக்கிறாங்க?”

“இப்ப சரி” என்று மூன்று சொல்லை மட்டும் தட்டினார். விற்பவர், வாங்குபவர், மீன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே அர்த்தமுள்ள வேறு சொற்களையும் சேர்த்தார். முழுக் கட்டுரையும் கிடைப்பவை மட்டும், துறை வல்லுநர் சரிபார்த்தவை மட்டும் என்று இரண்டு இடத்தில் புள்ளடி போட்டார். நான் தேடியபோது வந்த விமானக் கொம்பனிகளும் ஹோட்டல்களும் காணாமல் போய், மீன் சந்தைகள் வரிசையாக வந்து நின்றன. வீட்டிலிருந்தும் இதையே பார்க்கலாம் என்று ஒரு கடவுச்சொல்லும் எடுத்துத் தந்தார். இரண்டு வருடமாக அது எனக்காக அங்கே சும்மா இருந்திருக்கிறது.

“ஒரு நல்ல கட்டுரை கிடைச்சா, அதின்ட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. அவர் எதை வாசிச்சவர் எண்டு இருக்கும். அப்பிடியே பின்னுக்குப் போகலாம். அவரை ஆர் வாசிச்சது எண்டு இங்க அமத்தினா முன்னுக்கும் போகலாம். ஆனா ஒண்டொண்டா. வாசிச்சு வாசிச்சு.”

கடைசிச் சொற்கள் என் காதில் ஏறவில்லை. நான் ஏற்கனவே நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளி வரைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போய்விட்டேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. நானா எங்கோ கூட்டத்துக்குப் போயிருந்தார். என் திட்டம் எளிமையானது. முதலில் கட்டுரைகள் எல்லாவற்றையும் கணினியில் இறக்கிக்கொள்வது, பிறகு ஆறுதலாகப் பார்ப்பது. துறைமுகத்தில் பழகின வேலைமுறை அது. போட் வந்தால் மீனை இறக்கி ஐசில் போட வேண்டும். தரம் பிரிப்பதெல்லாம் பிறகு. முதலில் என் பதினொரு கட்டுரைகளைத் தேடத் தொடங்கினேன். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் இன்னும் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். அவற்றையும் அமத்தினேன். ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடி எடுத்தால் அதற்குள் இன்னும் நாலு பக்கம் திறந்தேன். மீன் போய்க் கோழி வந்தது, கோழி போய்க் காப்புறுதி வந்தது. நான் நிற்கவில்லை.

பத்தரை மணியளவில் திரை வெள்ளையாகியது. அனுமதி இடைநிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. மறுபடி அமத்தினேன். அதே வரி. பக்கத்துக் கணினியில் இருந்த பிள்ளை, “எனக்கும் வேலை செய்யுதில்ல” என்றாள். அதற்கு அப்பால் இன்னொருத்தி, “ஐயோ, நாளைக்கு எனக்கு பிரசண்டேசன்” என்று எழுந்தாள். ஆறு கணினியும் நின்றுபோயிருந்தன. வளாகம் முழுக்க நின்றுபோனது என்று பிறகு தெரிந்தது.

என் முதல் யோசனை கைப்பையைத் தூக்கிக்கொண்டு நழுவுவது. வாசல்வரை போயும் விட்டேன். நானா எதிரே வந்தார். அந்தப் பிள்ளைகள் அவரிடம் முறையிட்டுக்கொண்டிருக்க, நான் கதவைப் பிடித்தபடி, “நான்தான் நானா. நான்தான் என்னவோ செய்துபோட்டன்” என்றேன்.

அவர் என் கணினியில் இறங்கியிருந்த கோப்புகளைப் பார்த்தார். நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன.

“தங்கச்சி, இது கட்டுரையா, இல்லாட்டி வலையில அள்ளுற கீரி மீனா? இப்பிடி அள்ளினா கட்டுரைகளை வெளியிடுற ஆக்கள் ஆரோ மெஷின் வைச்சுக் களவெடுக்கிறான் எண்டுதான் நினைப்பாங்க. முழு வளாகத்துக்கும் பூட்டிட்டாங்க. நான் இனி விளக்கம் எழுதோணும்.”

“எப்ப திறப்பாங்க?”

“ரெண்டு நாள் செல்லும். மூண்டும் ஆகும்.”

நாளைக்குப் பிரசண்டேசன் என்ற பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. நானா அவளுக்கு வேறொரு பல்கலைக்கழக நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, வேண்டிய இரண்டு கட்டுரைகளையும் மின்னஞ்சலில் எடுத்துக் கொடுத்தார். நான் அவளுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் குடித்தாள், சிரிக்கவில்லை.

இறங்கிய நூற்றைம்பதில் என் பதினொன்றில் ஏழுதான் இருந்தன. மீதி நாலுக்கும் நானா அந்த மற்ற நூலகத்துக்கே கோரிக்கைப் படிவம் நிரப்பி அனுப்பினார். “கிடைக்கிற வரைக்கும் இந்த ஏழையும் வாசிங்க. இனி இறக்க ஒண்டுமில்லதானே” என்றார். கேலியாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார்.

செவ்வாய் பின்னேரமும் புதன் முழுவதும் அந்த மூலையிலேயே இருந்தேன். வேறு வழி இருக்கவில்லை. முதல் கட்டுரையை நாலு தரம் எழுந்து நடந்துதான் முடித்தேன். அகராதியைப் புரட்டினேன், தண்ணீர் குடித்தேன், வெளியே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். நான்காவது நிரலை நிரப்ப வேண்டியிருந்ததால் எப்படிச் செய்தோம் என்று எழுதும் பகுதியைத்தான் தேடிப் போனேன். அதைத் தாண்டி ஓடித்தான் எல்லாரும் முடிவுக்குப் போவது, நானும் அப்படித்தான். ஆனால் அந்தப் பகுதியில் ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தோம், விற்பவரை வீட்டில் வைத்துக் கேட்டோமா சந்தையில் வைத்துக் கேட்டோமா, அந்த நேரம் பக்கத்தில் யார் நின்றார்கள், அதனால் பதில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு பந்தியாவது எழுதியிருந்தார்கள். சிலர் தங்கள் பிழையையும் தாங்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள். மெத்தப் படித்தவர்கள் இப்படி எழுதுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஏழு பெட்டிகளை நிரப்பினேன். வியாழன் காலை மற்ற நாலும் வந்து சேர்ந்தன. அந்த நாலையும் மத்தியானத்துக்குள் நிரப்பினேன். அடியில் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்தேன். அது என் முன்னோடி ஆய்வுக்கு. கேட்டவர் யார்? எங்கே?

எழுதினேன். ‘கேட்டவர்: வாங்கும் கொம்பனியின் எழுத்தர். இடம்: அதே கொம்பனியின் முற்றம்.’ எழுதிவிட்டு ஒருதரம் வாசித்தேன். வினாக்கொத்துக் கொடுத்த அன்றைக்கு என் தலையில் கொம்பனித் தொப்பி இருந்தது, கையில் கொடுத்தது கொம்பனிப் பேனை. மேல்மாடி யன்னலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கலண்டரை நினைத்துக்கொண்டு.

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஓட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனேன். தம்பி வீட்டு வாசலில் எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீ ஏன் எங்கட கொம்பனிக்கே மீன் குடுக்கிறாய்?”

“அதைத்தானே அண்டைக்கு எழுதித் தந்தனான்.”

“அது பேப்பர். இப்ப நான் கேக்கிறன்.”

“அண்டைக்கும் நீதான் கேட்டனீ” என்று சிரித்தான். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துத் துணியைக் கீழே வைத்தான். “அக்கா, மற்றவன் கூடக் குடுக்கிறான் எண்டு எனக்குத் தெரியாதா? உன்ர கொம்பனி தராசில எப்பவும் கொஞ்சம் நிறை குறைச்சு அடிக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன்?”

“நீ அங்க இருக்கிறாய். நான் பக்கத்துக் கொம்பனிக்கு ஏத்தினா உன்னை அல்லோ கூப்பிட்டுக் கேப்பாங்கள், உன்ர தம்பி ஏன் அங்க போறான் எண்டு. நீ அந்தக் கதிரைக்கு எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருக்கிறாய்.”

“எத்தினை வருசமா?”

“நீ சேந்த நாளில இருந்துதான்.”

பன்னிரண்டு வருடம். கொம்பனிக்கு விசுவாசமான போட்டுகள் என்று நான் வரிசையாக எழுதி வைத்திருந்த பட்டியலில் அவன் பெயர்தான் முதலாவது. நான் போட்டதுதான் அது, பெருமையாக. எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழப் பிடிக்காமல், “இவ்வளவு காலமும் வாயைத் திறந்து சொல்ல ஏலாதோ? விசரா நீ?” என்று கத்தினேன். மச்சாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நீ கேக்கயில்லையே அக்கா” என்றான் அவன். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

“இனி என்னைப் பாத்துக் குடுக்காத” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லி முடித்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே அவன் குடுக்காமல் விட்டால்?

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே மேற்பார்வையாளரின் அறை வாசலில் நின்றேன். அவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். அந்த இரண்டு மணித்தியாலமும் விறாந்தையில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக நடந்தேன். ஒரு கையில் பன்னிரண்டாவது வரியைப் பட்டும் படாமலும் எழுதிய பிரதி, மறு கையில் உள்ளதை உள்ளபடி எழுதிய பிரதி. இரண்டையும் அச்சடித்து வந்திருந்தேன். முதலாவதைக் கொடுத்தால் முப்பது படிவமும் தப்பும், கையெழுத்தும் நிச்சயம். யாருக்குத் தெரியப் போகிறது?

அவர் கதவைத் திறந்ததும் இரண்டாவதை நீட்டினேன். யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது, கை நீண்டுவிட்டது.

அவர் அட்டவணையை மேலிருந்து கீழாக விரலை வைத்து வாசித்தார். கடைசி வரியில் நின்றார். ‘கேட்டவர்: வாங்கும் கொம்பனியின் எழுத்தர், பதில் சொன்னவர்களில் ஒருவரின் அக்கா. இடம்: கொம்பனி முற்றம், முதலாளியின் பார்வையில். முடிவு: பயன்படுத்த இயலாது.’

“முப்பதும் போகுதே, உங்களுக்குப் பரவாயில்லையா?”

“பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாது மிஸ். ஆனா அது பதில் இல்லை.”

“திரும்பக் கேக்கோணும். கொம்பனிக்கு வெளியில வைச்சு, உங்களைத் தெரியாத போட்டுக்காரரிட்ட. உங்கட தம்பியைச் சேர்க்க ஏலாது.”

“ஓம்.”

“முதலாளி விரும்ப மாட்டார்.”

“ஓம்.”

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கினேன். போகிற வழியில் நூலகத்துக்குள் தலையை நீட்டினேன். “திறந்திட்டாங்க” என்று நானா அங்கிருந்தே கையைக் காட்டினார். “மெல்ல, தங்கச்சி!”

சனிக்கிழமை காலை வேலை. தம்பியின் போட் ஏழரைக்கு வந்து கட்டியது. நான் மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தேன். மீன் பெட்டிகளைக் கரையில் இறக்கியபின் அவன் நிமிர்ந்து என் யன்னலை ஒருதரம் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கையாட்டவில்லை, தலையாட்டவும் இல்லை. பிறகு அவன் திரும்பி, பக்கத்துக் கொம்பனி லொறிக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“அது உங்கட தம்பிதானே?” என்றார். “ஏன் அங்க ஏத்திறார்?”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“அவனைக் கேக்கோணும் சேர்” என்றேன். “ஆனா இங்க வைச்சுக் கேக்க ஏலாது.”